என் பெயரில் எரிந்த விளக்கு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஜொகூர் மாசாயில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், நடந்தது இது. பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து காப்பி போடப் போய்விடுகிற ஆள் நான். கணினி வேலை பார்க்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இதற்கும் காரணம் இருந்தது. காரணம் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை என்பதுதான் விஷயம்.

பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓய்வு நேரத்தில் தெரிந்தவர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பேன். அப்படி வந்து சேர்ந்தவர்தான் எங்கள் வட்டாரத்தில் ஈமச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தருகிற முதலாளி. எல்லோரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கூடாரம், நாற்காலி, மேளம், சவ வண்டி, தகனத்துக்கு நேரம் வாங்குவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. தங்கமான மனிதர். ஆனால் எதிலும் அவசரம். தொழில் அப்படி.

அவர் கேட்டது சின்ன விஷயம். இங்கே ஒரு வீட்டில் சாவு என்றால் பாதிச் சொந்தம் சிங்கப்பூரில் இருக்கும். எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எல்லைப் பாலத்து நெரிசலைக் கணக்குப் பண்ணிக் கிளம்ப முடியும். அதனால் ஒவ்வொரு சாவுக்கும் தனியாக ஒரு பக்கம் வேண்டும் என்றார். அவருடைய நிறுவன இணைய முகவரிக்கு முன்னால் இறந்தவர் பெயரை ஆங்கிலத்தில் அடித்து ஒரு புள்ளி வைத்தால் அந்தப் பக்கம் திறக்கும். சப்டொமேன் என்பார்கள். நல்ல யோசனைதான். எங்கள் ஆட்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். யாராவது தவறிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால், உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள, பெயரை அடித்துப் பார்ப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. பக்கம் திறந்தால் உண்மை. திறக்காவிட்டால் வதந்தி.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயரையும் நானே கையால் சர்வரில் ஏற்றினேன். ஏற்றி, சர்வரை மறுபடி இயங்கவிட்டு, சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாவு நேரம் பார்த்தா வருகிறது? ஒரு கல்யாண விருந்தில் பாயாசம் வருவதற்குள் எழுந்து போய், கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி ஒருவரை ஏற்றியிருக்கிறேன். திரும்பி வந்தபோது என் மனைவி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் ஒரு நாள் உட்கார்ந்து வேலையைச் சுலபமாக்கினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி, சர்வர் அமைப்பில் சில வரிகள். அவ்வளவுதான். இனிமேல் முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் சர்வர் அதைச் சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்தப் பக்கம் பெயரை வாங்கித் தலையில் போட்டுக்கொள்ளும். மேலே தெரிகிற முகவரி மாறாது. அடுக்குமாடியில் ஒரு காவலாளி, யார் வீட்டைக் கேட்டாலும் ‘வாங்க’ என்று ஒரே அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவில் மட்டும் பெயர்ப் பலகையை மாற்றி மாட்டுகிற மாதிரி. வந்தவருக்குச் சந்தேகமே வராது.

விவரம் இன்னும் வந்து சேராத பெயருக்கு என்ன காட்டுவது என்று தவுக்கேயைக் கேட்டேன். அவர் சாவுச் செய்தி வந்த கையோடு வாட்சப்பில் பக்கத்தின் முகவரியை அனுப்பிவிடுவார். படம், நேரம் எல்லாம் பிறகுதான் வரும்.

“பேரு வந்தா போதும் தம்பி, வெளக்கு எரியணும். மத்ததெல்லாம் பொறவு போட்டுக்கலாம். வெறும் பேஜ் தொறந்தா சொந்தக்காரங்க சங்கடப்படுவாங்க லா” என்றார்.

அப்படியே செய்தேன். மேலே ‘அமரர்’, அதன் கீழே பெயர், நடுவில் ஆடிக்கொண்டே எரியும் ஒரு குத்துவிளக்கு, அடியில் ‘விவரங்கள் விரைவில்’. சோதிக்க ‘test’ என்று அடித்தேன். அமரர் test என்று வந்தது. சிரித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். முறையை மாற்றியதைத் தவுக்கேயிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்ததெல்லாம் இனி என்னைக் கூப்பிட வேண்டாம் என்பது மட்டும். என் மனைவியிடம் சொல்லவே இல்லை. வீட்டில் போய் நட்சத்திரக் குறியைப் பற்றி யார் பேசுவார்கள்?

முறையை மாற்றிச் சில நாள்தான் ஆகியிருந்தது, இடையில் எந்த வதந்தியும் கிளம்பவில்லை. அன்றைக்குக் காலையில் வழக்கம்போல் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். போய் உட்கார்ந்ததும், லாபிஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிளை ஆலையில் கணினிகள் எல்லாம் படுத்துவிட்டன, உடனே கிளம்பு என்றார்கள். வேன் வாசலில் நின்றது. கைபேசியை மேசை இழுப்பறையில் சார்ஜில் போட்டிருந்தேன். அது அங்கேயே இருந்துவிட்டது. யோங் பெங் தாண்டிய பிறகுதான் சட்டைப் பையைத் தடவினேன். வேன் ஓட்டிய மலாய்க்கார நண்பர் தன் கைபேசியை நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டு விழித்தேன். மனைவியின் எண் நினைவில் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை ஒரு முறைகூட நான் கையால் அடித்ததில்லை. சரி, ஒரு பகல்தானே, என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து திரும்பும்போது நல்ல மழை. பாசிர் கூடாங் நெடுஞ்சாலை காலையிலிருந்தே அடைத்துக் கிடக்கிறது, யாரோ ஒரு மோட்டார் சைக்கிள்காரர் லாரியில் அடிபட்டுவிட்டாராம் என்று வேன் வானொலியில் சொன்னார்கள். நண்பர் உச்சுக்கொட்டி, ஏதோ துஆ முணுமுணுத்தார். நானும் பாவம் என்றேன். தொழிற்சாலைக்குப் போனால் பொழுது போய்விடும், உன்னை மாசாயிலேயே இறக்கிவிடுகிறேன், நாளைக்கு என்னோடு வா என்றார். அப்படித்தான் மோட்டார் சைக்கிளும் கைபேசியும் இல்லாமல், மழை விட்ட சாயங்காலத்தில், கடை வரிசை முன்னால் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

காப்பிக் கடைச் சீனக் கிழவர் எப்போதும் என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார். அன்றைக்கு நான்தான் தூக்கினேன். அவர் ஊற்றிக்கொண்டிருந்த காப்பியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கை திரும்பி எழவில்லை. வயசாகிவிட்டது, கண் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருவின் முதல் வீட்டு மக்சிக், நாங்கள் அப்படிக் கூப்பிடுகிற மலாய்க்கார அம்மா, துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் “அலமாக்” என்று மூச்சோடு ஒரு சொல், அவ்வளவுதான். ஈரத் துணியை மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருவரை கேட்டது.

அப்போதுதான் தெருவைச் சரியாகப் பார்த்தேன். தெருவில் பிள்ளைகள் இல்லை. மழை விட்டால் சைக்கிளோடு வெளியே வந்துவிடுகிற பிள்ளைகள், ஒருவர்கூட இல்லை. தவுக்கேயின் லாரி மட்டும் தெரு நடுவில் நின்றது. கூடாரக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓ, சாவு. முனை வீட்டுப் பெரியவர் ரொம்ப நாளாக முடியாமல் கிடந்தார். அவராகத்தான் இருக்கும். நம் தெருச் சாவுக்கு நாம் கை கொடுக்காமல் யார் கொடுப்பார்கள்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரியிலிருந்து ஓர் அடுக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினேன். இறக்கிக்கொண்டிருந்தவர் புதிதாக வந்த வங்காளதேசத்துத் தொழிலாளி, என்னைத் தெரியாது. எங்கே வைக்க என்று கேட்டேன். அவர் முகவாயால் காட்டினார்.

அது என் வீடு.

நாற்காலிகளைக் கீழே போட்டேனா, தூக்கிக்கொண்டே ஓடினேனா, தெரியாது. வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும்தான். அப்படியென்றால் அவள். மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. காலையில் காப்பியில் சீனி இல்லை என்று முகத்தைக் காட்டிவிட்டுப் போனது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நிலைப்படிவரை போனேன். நான் தள்ளவே தேவையில்லாமல் கூட்டம் தானாக விலகியது.

அவள் உயிரோடு இருந்தாள். கூடத்தில் தரையில், தலைமுடி அவிழ்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அழுது துடைத்ததில் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

எனக்கு வந்த நிம்மதியில் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணி, என்னைத் தம்பி தம்பி என்று தாங்குகிறவர், கையை முன்னால் நீட்டித் தடுத்தார்.

“அங்கேயே நில்லுங்க தம்பி. உள்ள வராதீங்க.”

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். மறுபடி என் முகம், மறுபடி கைபேசி. எது நிஜம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“இதுல போட்டிருக்கே” என்றாள்.

அமரர். கீழே என் பெயர். நடுவில் விளக்கு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அடியில், என் கையாலேயே நான் அடித்த எழுத்துகள்: விவரங்கள் விரைவில்.

அந்தப் பக்கத்தைச் செய்தவன் நான், அது ஏன் அப்படிக் காட்டுகிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அப்படியும் ஒரு நொடி, வேனில் வரும்போது நமக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, நாம் அது தெரியாமல் நடந்து வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அந்தக் கூடத்தில் அத்தனை பேர் கண்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

நடந்தது இவ்வளவுதான். காலையில் விபத்துப் படம் வாட்சப்பில் வந்திருக்கிறது. என்னுடையது போலவே சிவப்பும் கறுப்புமாக ஒரு கப்ச்சாய் மோட்டார் சைக்கிள் லாரிக்கு அடியில் கிடக்கிறது. மாசாயில் பாதிப் பேரிடம் அந்த வண்டிதான் இருக்கிறது. எண் தெரியவில்லை. எனக்கு அழைத்தால் எடுக்கவில்லை. தொழிற்சாலைக்கு அழைத்தால், காலையிலேயே வெளியே போனார், இன்னும் வரவில்லை என்றார்களாம். வேனில் போனதை யாரும் சொல்லவில்லை. அண்ணன் மருத்துவமனைக்கு ஓடினார். அங்கே காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தனியாகத் தவித்துக்கொண்டிருந்த என் மனைவி, கடைசியில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே என் பெயரை அடித்தாள். திறந்தது.

தவுக்கே அதைப் பார்த்துத்தான் லாரியை அனுப்பியிருக்கிறார். “நம்ம பேஜ்லயே வந்துருச்சே, ஆபீஸ்ல யாரோ போட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி” என்றார் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

இறந்ததாக அழுது முடித்த ஆள் திரும்பி வந்தால், வீட்டு வாசலில் நேராக நுழையக் கூடாதாம். அண்ணி சொன்னார். முற்றத்தில் நிற்க வைத்து மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். பின்பக்கமாகச் சமையலறை வழியே வரச் சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் கிண்டல் பண்ணியிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் சொன்னபடி செய்தேன். ஆனால் சமையலறை வாசலில் மனைவி வழியை மறித்து நின்றாள்.

“மொதல்ல அத அணைங்க. அப்பறமா உள்ள வாங்க.”

“டிலீட் பண்ணிடு தம்பி, ஒரு நிமிஷ வேலதானே” என்றார் தவுக்கே.

இல்லை. அழிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் பயங்கரம். என் பெயரில் யாரும் எந்தப் பக்கத்தையும் போடவில்லை. இல்லாத பக்கத்தை எப்படி அழிப்பது? கேட்டால் எந்தப் பெயருக்கும் அது எரியும். இதை நான் மெதுவாக விளக்கினேன். கூட்டத்தில் யாரோ ஒருவர் நம்பாமல் தன் கைபேசியை எடுத்துத் தன் பெயரை அடித்தார். அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் அடித்தார். கொஞ்ச நேரத்தில் பாதி எழும்பிய கூடாரத்துக்குக் கீழே அத்தனை பேர் கையிலும் விளக்கு. அத்தனை பேரும் அமரர். ஒருவர் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் விட்டுவிட்டார். இன்னொருவர் கைபேசியை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். கூடாரத் துணியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அண்ணி மடிக்கணினியைக் கொண்டு வந்தார். எனக்காக இறக்கிய நாற்காலியில், எனக்காகப் போட்ட கூடாரத்தில், தலையில் மஞ்சள் தண்ணீர் வடிய உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். ஹோமத்தைப் பார்ப்பதுபோல் சுற்றி நின்று என் விரல்களைப் பார்த்தார்கள். செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே திருப்பிவிடுவதற்கு முன்னால், அந்தப் பெயரை நாம் ஏற்றியிருக்கிறோமா என்று சர்வர் ஒரு தடவை பார்க்க வேண்டும். இல்லையென்றால் விளக்கும் இல்லை, அமரரும் இல்லை. ‘இந்தப் பெயரில் எங்களிடம் எந்தச் செய்தியும் இல்லை’ என்று ஒரு வரி. எனக்குத் தெரியாது என்று சொல்லும் ஒரு வரி. அதை முதலிலேயே எழுதாமல் போனேன்.

சேமித்தேன். மனைவி கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்தாள். விளக்கு போய்விட்டது. மறுபடி இழுத்தாள், மறுபடியும். மூடித் திறந்து என் பெயரை முழுசாக அடித்துப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். பார்த்து, அன்றைக்கு அழுததையெல்லாம் விட அதிகமாக அழுதாள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். சுற்றிலும் ஒவ்வொரு கைபேசியாக விளக்கு அணைந்துகொண்டு வந்தது.

அப்போது அண்ணன் மருத்துவமனையிலிருந்து வந்து சேர்ந்தார். நான் வந்துவிட்டதை ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். என் கையைப் பிடித்து அழுத்தினாரே தவிர, முகத்தில் சந்தோஷம் இல்லை. விபத்தில் இறந்தவரின் குடும்பத்தை அங்கே பார்த்துவிட்டு வந்திருந்தார். பக்கத்துத் தாமானாம். சின்ன வயசு. வேறு தொழிற்சாலைக்குப் போகிற பையன், வந்து குடியேறிக் கொஞ்ச நாள்தான். தவுக்கேயின் கைபேசி அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, ஆட்களிடம் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“தம்பி, பேரு சொல்றேன். போட்டுடறியா?”

அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெயரை ஏற்றினேன். அடித்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. இந்த முறை அது சரியாகத்தான் எரிந்தது.

அன்று இரவே நானும் அண்ணனும் என் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு முன்னால் நின்ற அதே கூடாரம், அதே நாற்காலிகள். ஈரம்கூடக் காயவில்லை. இறந்துபோன பையனின் மனைவி சுவரில் சாய்ந்து, என் மனைவி உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று யாரோ அவரிடம் காதோடு சொன்னார்கள். சட்டென்று நிமிர்ந்தார். அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. அதைப் பார்த்த நொடிதான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகமாகப் பயந்த நொடி. கைபேசியை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார்.

“அண்ணா, ஒங்க பேர்ல எரிஞ்ச வெளக்க நீங்களே அணைச்சிட்டீங்களாமே. நீங்க திரும்பி வந்துட்டீங்களாமே. இதையும் அணைச்சிடுங்கண்ணா.”

என்னால் கைபேசியை வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை. என் மனைவிதான் கீழே உட்கார்ந்து, அந்தக் கைகளைக் கைபேசியோடு சேர்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எரியும் திரையின் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போதும் நான் வர நேரமானால் என் மனைவி எனக்கு அழைப்பதில்லை. என் பெயரை அடித்துப் பார்ப்பாள். எந்தச் செய்தியும் இல்லை என்று வந்தால் எழுந்து போய்ச் சோறு வைப்பாள். அந்த வரியை எழுதியது நான்தான், ஆனால் அது நாளைக்கும் உண்மையாக இருப்பது என் கையில் இல்லை என்பதை, இரண்டு கையிலும் விளக்கை ஏந்தி நீட்டிய அந்தப் பெண்ணின் முகம் ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலில் எனக்கு நினைவுபடுத்துகிறது.